லீவு லெட்டர்

போன ரஞ்சி சீசனில் ஒரு நாள் பேத்தியைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போவதாகச் சொன்னேன். உடனே அவள் பீரோவைத் திறந்து மஞ்சள் சட்டையை எடுத்தாள்.

"அது வேண்டாம்மா. இது சூப்பர் கிங்ஸ் மேட்ச் இல்ல. தமிழ்நாடு ஆடுற மேட்ச்."

"அப்போ நம்ம டீம் இல்லையா தாத்தா?"

"இதுதாம்மா நம்ம டீம்."

அவள் நம்பவில்லை. குழப்பத்தோடு சட்டையை மடித்து வைத்தாள். பன்னிரண்டு வயது அவளுக்கு. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகளின் வருடங்களையும் ஒப்பிப்பாள். நடுவில் 2016, 2017 இரண்டு வருடம் அணி தடை செய்யப்பட்டிருந்ததையும் ஏதோ வீட்டில் நடந்த துக்கம் போலச் சொல்லுவாள். பதினாறு, பதினேழு வருடத்துக்குள் ஐந்து கோப்பை. எனக்கு என் வாழ்நாள் முழுவதும் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் நான் பார்க்கவில்லை. அதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் கிரிக்கெட் பைத்தியத்தைக் கொண்டுவந்தவர் அப்பா. தபால் இலாகாவில் வேலை. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் ஒண்டுக்குடித்தனம். டெஸ்ட் மேட்ச் டிக்கெட் எங்கள் வரும்படிக்கு எட்டாது. அதனால் அப்பாவின் விசுவாசமெல்லாம் ரஞ்சி அணிக்குத்தான். அவர் சின்ன வயதில் அதற்கு மெட்ராஸ் என்று பெயர். மாநிலத்தின் பெயர் மாறியபோது அணியின் பெயரும் தமிழ்நாடு என்று மாறியது.

ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டமே நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது என்பதில் அப்பாவுக்கு அலாதிப் பெருமை. 1934 நவம்பர் 4. மெட்ராஸும் மைசூரும் ஆடின. முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே. கோபாலன். ராம் சிங் பதினொரு விக்கெட் எடுத்தார். ஆட்டம் அன்று ஒரே நாளில் முடிந்துபோனது. அந்த ராம் சிங்கின் மகன் கிருபால் சிங் ஆடிய அணிதான் 1954-55ல் இந்தூரில் ஹோல்கார் அணியைத் தோற்கடித்து முதல் தடவையாகக் கோப்பையைக் கொண்டுவந்தது. கேப்டன் பாலு அளகனன். அப்போது அப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. அந்தச் செய்தி வந்த பேப்பரைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல் டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்து வைத்திருந்தார். அதன் மேல் பாட்டியின் புடவைகள் இருந்தன.

அதற்குப் பிறகு காத்திருப்புதான்.

1972-73 சீசனில் தமிழ்நாடு இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரில் பம்பாய். இடம் சேப்பாக்கம். எனக்கு அப்போது இதே பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு முதல் இரண்டு நாளும் வேலை. மூன்றாவது நாள்தான் ஒழிந்தது. அதற்கு இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்.

வெங்கட்ராகவன் கேப்டன், கூட வி.வி. குமார். அவர்கள் சுழலுக்காகவே போட்ட பிட்ச் என்று ஊரெல்லாம் பேச்சு. பந்து சுழன்றது உண்மைதான். பம்பாய் 151ல் சுருண்டது. ஆனால் பந்து நமக்காக மட்டுமா சுழலும்? சிவால்கர் என்று ஒரு இடதுகைக்காரர் வந்து 16 ரன் கொடுத்து எட்டு விக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார். நாம் 80. பம்பாய் மறுபடி 113. நாம் மறுபடி தடுமாற்றம். இரண்டாவது நாள் முடியும்போது நம் கையில் ஒரே ஒரு விக்கெட் பாக்கி. வேண்டிய ரன்னோ நூறுக்கும் மேலே.

அன்று ராத்திரி அம்மா கேட்டாள், "நாளைக்குப் போகணுமா என்ன?"

அப்பா சொன்னார், "டிக்கெட் வாங்கியாச்சே."

காலையில் அம்மா தயிர்சாதம் பிசைந்து, மாவடு வைத்து, டிபன் பாக்ஸைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். நடேசன் ரோடு, ஐஸ்ஹவுஸ், பைகிராப்ட்ஸ் ரோடு, பெல்ஸ் ரோடு என்று நடந்தே போனோம். வழியெல்லாம் அப்பா, கடைசி விக்கெட்டுக்குப் பெரிய பெரிய பார்ட்னர்ஷிப் போட்டவர்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்து, வெயில் படாத இடமாகப் பார்த்து, அப்பா துண்டால் தூசி தட்டி உட்காரப் போனார். முதல் பந்து. ஒரு சத்தம். எல்லோரும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாம் 61. சிவால்கருக்கு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பதின்மூன்று. இரண்டு நாளும் ஒரு பந்தும் நடந்த இறுதி ஆட்டம். அந்த ஒரு பந்துக்குத்தான் எங்களிடம் டிக்கெட் இருந்தது.

"முடிஞ்சுடுச்சாப்பா?"

"முடிஞ்சுடுச்சு."

வாலாஜா ரோடு வழியாகக் கடற்கரைக்கு வந்தோம். உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் கிடைத்த நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தோம். மணி பத்தேகால்கூட ஆகியிருக்காது. பசியே இல்லை. இருந்தாலும் சாப்பிட்டோம். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் அம்மா சிரிப்பாள் என்று இருவருக்கும் தெரியும். கடைசி மாவடுவைப் பாதி கடித்து எனக்குக் கொடுத்துவிட்டு அப்பா சொன்னார், "அடுத்த தடவை ஜெயிப்பாங்கடா. நாம ரெண்டு பேரும் போய்ப் பாப்போம்."

அந்த அடுத்த தடவை பதினைந்து வருடம் கழித்து வந்தது.

1987-88 சீசன். இந்த முறை எதிரில் ரயில்வே. மறுபடியும் சேப்பாக்கம். கேப்டன் எஸ். வாசுதேவன், இடதுகைச் சுழல் பந்துக்காரர். இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் கூட ஆட வாய்க்காதவர். அப்படிப்பட்டவர்கள் நம் அணியில் நிறைய. அதனாலேயே அவர்கள் மேல் அப்பாவுக்குத் தனிப் பிரியம். நம்மைப் போல ஆபீஸ் போய்க்கொண்டே ஆடுகிறவர்கள் என்பார்.

அப்பா ரிட்டயர் ஆகவில்லை என்றாலும் சேர்த்து வைத்த லீவை எடுத்துக்கொண்டு தினமும் போனார். நான் மவுண்ட் ரோடில் ஒரு ஆபீஸில் வேலை. சேப்பாக்கம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். காற்று சாதகமாக இருந்தால் ஜனங்கள் கத்துவது கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் கேட்டது பஸ் ஹாரன்தான்.

ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்ட அந்தக் காலையில் அப்பா ஷேவ் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னிக்கு முடிஞ்சுடும். லீவு போடேன்டா."

"ஆடிட் நடக்குதுப்பா. என் ஃபைலையெல்லாம் கேப்பாங்க."

அவர் மறுபடி கேட்கவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடு தனியாகக் கிளம்பிப் போனார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். கைக்குழந்தை. புரமோஷன் வருமா வராதா என்ற நிலை. மேலதிகாரி என்னை லீவு போடக் கூடாது என்று சொல்லவில்லை. இதை நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நான் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நானே நினைத்துக்கொண்டேன். அன்று பூராவும் ஃபைல்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆடிட்காரர்கள் என் மேஜைப் பக்கமே வரவில்லை.

இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசத்தில் தமிழ்நாடு ஜெயித்தது. முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு கோப்பை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா ஈஸிசேரில் இருந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஜெயிச்சாச்சு," என்றார்.

"கேள்விப்பட்டேம்ப்பா. கூட யாராவது தெரிஞ்சவங்க இருந்தாங்களா?"

"பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தார். யாருன்னு தெரியல. கடைசி விக்கெட் விழுந்ததும் என் கையைப் புடிச்சுக்கிட்டார். ரொம்ப நேரம் விடவே இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பெயர் தெரியாத மனிதர் மேல் எனக்கு வந்த பொறாமை, அதற்குப் பிறகு ஆபீஸில் என்னைத் தாண்டிப் புரமோஷன் வாங்கியவர்கள் மேல்கூட வந்ததில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்.

அடுத்த தடவை போய்ப் பார்க்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். 1991-92ல் இறுதி ஆட்டத்தில் டெல்லியிடம் தோற்றோம். 1995-96ல் சேப்பாக்கத்திலேயே கர்நாடகாவிடம். 2002-03லும் 2003-04லும் மும்பையிடம். ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் அப்பா, "இந்த வருஷம் டீம் பரவாயில்ல" என்பார். ஒவ்வொரு சீசன் முடியும்போதும், "பவுலிங் பத்தல" என்பார். இதற்கு நடுவில் அம்மா போய்விட்டாள். நாங்கள் மயிலாப்பூரை விட்டு அடையாறுக்குக் குடிவந்தோம். என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அப்பாவுக்கு முழங்கால் மடக்க முடியாமல் போனது. வீட்டு டிவியில் எல்லோரும் மஞ்சள் அணியைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அப்பாவும் பார்ப்பார். பத்ரிநாத்தோ அஸ்வினோ ஆடும்போது மட்டும், "நம்ம பையன்" என்பார்.

2012 ஜனவரி. மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் சேப்பாக்கம். எதிரில் ராஜஸ்தான். அப்பாவுக்கு எண்பது நெருக்கம். ஸ்டேடியம் படி ஏற முடியாது.

நான் லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். ஆட்டம் முடியும் வரை. மேலதிகாரி என்னைவிடச் சின்னவர். படித்துவிட்டு, "வீட்ல ஏதாவது விசேஷமா சார்?" என்று கேட்டார்.

"ஆமாம் சார். அப்பாவுக்காக," என்றேன். பொய்யில்லை.

கஸ்தூரிபா நகரில் பறக்கும் ரயில் ஏறி, சேப்பாக்கத்தில் இறங்கி, தினமும் போனேன். ராஜஸ்தான் முதலில் ஆடியது. வினீத் சக்சேனா என்று ஒரு தொடக்க ஆட்டக்காரர். அவரை அவுட்டாக்க முடியவில்லை. அடிக்கவும் மாட்டார், அவுட்டும் ஆக மாட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அன்றைய ஆட்டத்தை ஓவர் ஓவராகச் சொல்லுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பந்து எவ்வளவு சுழன்றது, யார் எங்கே நின்றார்கள், எல்லாம் கேட்பார்.

இரண்டாவது நாள் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அந்தப் பையன் இன்னும் ஆடுறானா?"

"ஆடிக்கிட்டுதாம்ப்பா இருக்கான்."

"நல்லா ஆடுறான். விடு."

சக்சேனா 257 எடுத்தார். ராஜஸ்தான் 621. மூன்றாவது நாள் வரை அவர்களே ஆடினார்கள். நாம் அதில் பாதிகூட எட்டவில்லை. ஆட்டம் டிரா, முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பை அவர்களுக்கு. கடைசி நாள் ஆட்டத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. இருந்தும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் குடையோடு தனியாக இருந்தார். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சு நாளும் போனியா?" என்றார்.

"போனேம்ப்பா."

"பவுலிங் பத்தல," என்றார்.

அந்த வருடமே அப்பா காலமானார். டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது 1955 பேப்பருக்குக் கீழே 1988 பேப்பரும் இருந்தது. இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன். மூன்றாவதற்கு இடம் இருக்கிறது. 2024ல் சாய் கிஷோர் கேப்டனாக அரையிறுதி வரை கொண்டுபோனார். அங்கே மும்பை காத்திருந்தது. வழக்கம்போல.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். இப்போது லீவு லெட்டர் எழுத வேண்டியதில்லை. பேத்திக்குத்தான் பள்ளிக்கூடத்துக்கு எழுத வேண்டியிருந்தது. "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிக் கொடுத்தேன். என் மகள் முறைத்தாள். அவளுக்குப் பாட்டியின் கண்.

சேப்பாக்கத்தில் அன்று நூறு பேர் இருந்தால் அதிகம். பேத்திக்கு ஆச்சரியம். சூப்பர் கிங்ஸ் ஆட்டத்துக்கு ஆன்லைனில் மணிக்கணக்காகக் காத்திருந்தும் டிக்கெட் கிடைக்காத அதே ஸ்டேடியம். இங்கே எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் குரல்கூடக் கேட்கிறது. நிழலாகப் பார்த்து, நாற்காலியைக் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். நான் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தேன்.

"தாத்தா, மணி பத்துதான் ஆகுது."

"பரவாயில்ல, சாப்பிடும்மா. எப்ப முடியும்னு சொல்ல முடியாது."