வெள்ளையடித்த வீடு

தூத்துக்குடியை விட்டு விழிஞ்ஞத்தில் நாங்கள் குடியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் பூசணம் படிவது வழக்கம். கடலோரத்தில் குடியிருப்போர் இதனை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை, நாங்களும் கருதினோமில்லை.

என் தங்கை மகனுக்கு வயது பத்தொன்பது. இரத்தப் புற்றுநோய்க்கு முதற்கட்ட மருந்து முடிந்ததும், சில நாள் வீட்டில் தங்கிவர அவனை அனுப்பினார்கள். பிள்ளை வரும்போது வீடு தூய்மையாக இருக்கட்டுமென்று, ஆளை அமர்த்திப் பூசணத்தைச் சுரண்டி வெள்ளையடிக்கச் செய்தவன் நானே. குறித்த நாளுக்கு முந்தின மாலையே அவன் வந்துவிட்டான். தூசி அப்பொழுது அடங்கியிருக்கவில்லை.

இரண்டாம் கட்ட மருந்து ஏறியபின் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்தன. நியூட்ரோபில் என்னும் அணு, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழ் இறங்கினாலே ஆபத்து. அவனுக்கு ஐம்பதும் இல்லை. காய்ச்சல் கண்டது. பாக்டீரியாவுக்குரிய மருந்தை ஐந்து நாள் செலுத்தியும் தணியவில்லை. "மூச்சு இழுத்தா நெஞ்சு வலிக்குது மாமா" என்றான். சி.டி. படத்தில் வலது நுரையீரலில் ஒரு கட்டியும், நிலவைச் சூழ்ந்த கோட்டை போல அதைச் சுற்றி மங்கலான வளையமும் தெரிந்தன. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை என்றார் டாக்டர். காலக்டோமன்னன் என்ற இரத்தச் சோதனையும் அதற்கு இசைவாகவே வந்தது.

1729-இல் இப்பூஞ்சைக்குப் பெயரிட்டவர் மிக்கேலி என்னும் இத்தாலியத் தாவரவியலார். மாதா கோயிலில் தீர்த்தம் தெளிக்கும் கருவியின் சாயல் இதற்கு இருக்கக் கண்டு அப்பெயரையே இட்டாராம். இதன் வித்துக்களை நாம் அனைவரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். நலமுள்ள உடல் அவற்றை அழித்துவிடுகிறது.

"என்னால் நேர்ந்ததா?" என்று டாக்டரைக் கேட்டேன். "எங்கே பற்றியது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் சுரண்டும் வேலை நடக்கும் வீட்டில் இவர் கால் வைத்திருக்கக் கூடாது" என்றார். முதற்பகுதி ஆறுதல்; பிற்பகுதிதான் இன்றும் என்னோடு இருக்கிறது.

வோரிகோனசோல் தொடங்கினார்கள். 2002-இல் வெளிவந்த ஆய்வில், இம்மருந்து பெற்றோருள் பன்னிரண்டாம் வாரத்தில் நூற்றுக்கு 71 பேரும், பழைய ஆம்போடெரிசின் பெற்றோருள் 58 பேரும் உயிருடன் இருந்தனர். மருந்து ஏறியதும் விளக்கொளி கண்ணைக் கூசுவதாகவும் நிறங்கள் மாறித் தோன்றுவதாகவும் சொன்னான். அது மருந்தின் இயல்பே என்றார்கள். கர்க்கடகக் கஞ்சி காய்ச்சி வந்த அண்டை வீட்டுப் பாட்டியம்மாவைத் திருப்பியனுப்ப நேர்ந்தது மனத்துக்கு வருத்தமே. மற்ற மருந்துகளோடும் மூலிகைகளோடும் கேளாமல் சேர்க்க இது இடங்கொடாது.

அன்பர்களே, இத்தகைய நோயாளி உங்கள் இல்லத்தில் இருந்தால், 100.4 டிகிரி காய்ச்சலுக்கு விடியும்வரை காத்திராதீர்கள். அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பூந்தொட்டி, வைக்கோல், ஈரச்சுவர், இடிபாட்டுத் தூசி ஆகியவற்றிலிருந்து அவரை விலக்கி வையுங்கள்.

அடுத்த மருந்தைத் தள்ளினால் புற்று தலைதூக்கும். தொடங்கினால் பூஞ்சை பெருகும். கட்டி சுருங்கும்வரை மூன்று வாரம் பொறுத்து, வோரிகோனசோலை நிறுத்தாமலே மூன்றாம் கட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். அவன் மருத்துவமனையில் இருக்கிறான். பாதி வெள்ளையடித்த சுவரை எவரும் தொடக் கூடாதென்று தங்கை சொல்லியிருக்கிறாள்.