கமண்டல நதிக் கரையில் ஒரு நாள்

ஆரணி என்ற பெயருக்குப் பொருள் கூறுவோர் பலர். ஆரண்யம் என்பதே ஆரணி ஆயிற்று என்பார் சிலர். ஆற்றை அணியாகப் பூண்ட ஊர் ஆதலின் ஆறணி, அதுவே ஆரணி என்பார் வேறு சிலர். வல்லின றகரம் இடையின ரகரமாக மாறிய வழக்கை இலக்கணப் பண்டிதர்கள் தீர்த்துக் கொள்ளட்டும். நமக்கு இரண்டாவது பொருளே பிடித்திருக்கிறது. ஆனால் அந்த அணியை ஊரார் ஆண்டில் எத்தனை நாள் கண்ணாரக் காண்கிறார்கள் என்று கேட்டால்தான் சங்கடம். பெரும்பாலான மாதங்களில் கமண்டல நாகநதி என்பது மணலும் சீமைக் கருவேலும் நிறைந்த ஒரு நீண்ட திடலாகவே காட்சி தருகிறது. நம் வகுப்புப் பையன்களுக்கு அது கிரிக்கெட் மைதானம். "ஆறு எங்கிருந்து வருகிறது?" என்று நாம் கேட்டபோது, "எங்கே சார் வருது?" என்று ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளை திருப்பிக் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். ஆகவே தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆறு வரும் வழியே எதிர்த்துப் போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம்.

"நாம்" என்றால் எத்தனை பேர் என்று வாசகர்கள் ஐயுறலாம். நாமும் நமது சைக்கிளும்தான். கியர் முதலிய நவீன சாமக்கிரியைகள் ஏதும் இல்லாத பழைய கறுப்பு வண்டி அது. கட்டுச் சோறாகப் புளியோதரை, இரண்டு புட்டி தண்ணீர், ஒரு காற்றடிக்கும் பம்பு ஆகியவையே மூட்டை.

புதுக்காமூரில் ஆற்றங்கரையிலே புத்திரகாமேட்டீசுவரர் கோயில் இருக்கிறது. தசரத மன்னர் மகப்பேறு வேண்டி யாகம் செய்த இடம் என்பது ஸ்தல புராணம். அங்கிருந்து புறப்பட்டபோது கிழக்கு வெளுக்கவில்லை. நெசவாளர் தெருக்களில் மட்டும் விளக்கு எரிந்தது. விடியற்காலையில்தான் பாவு நீட்டும் வேலை நடக்கும். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு இழைகளை விரித்துக் கட்டி, ஆணும் பெண்ணும் இருபுறமும் நின்று அறுந்த இழையைத் தேடி முடிந்துகொண்டே போவார்கள். வெயில் ஏறிவிட்டால் இழை முறுகும். காற்று அடித்தால் பின்னிக்கொள்ளும். தமிழும் சௌராஷ்டிரமும் கலந்து காதில் விழ, நாம் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே அந்தத் தெருவைக் கடந்தோம். பாவு நீட்டிய தெருவில் மணியடித்துக்கொண்டு போகிறவன் ஆரணிக்காரன் ஆகமாட்டான்.

பட்டுக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர் அன்பர்கள் கேட்பார்கள். கச்சாப் பட்டின் மேல் ஒருவிதப் பசை ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சோப்புக் கலந்த நீரில் வேகவைத்து அகற்றி, அலசி, பிறகு சாயம் ஏற்றி, மீண்டும் மீண்டும் அலசவேண்டும். நூல் கர்நாடகத்திலிருந்து வரலாம், ஜரிகை சூரத்திலிருந்து வரலாம். தண்ணீரை மட்டும் பார்சலில் தருவிக்க முடியாது. அது உவர்ப்பாயிருந்தால் சாயத்தின் முகமே மாறிப்போகும் என்கிறார்கள் சாயப் பட்டறைக்காரர்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பத்திரத்தில் ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டென்று எண்ணினால் தவறில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் வயல்கள். ஆரணி அரிசி ஆலைகளின் புகழ் தெரிந்தவர்களுக்கு இந்த வயல்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சேற்றுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1751-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆற்காட்டு முற்றுகைக்குப் பிறகு, கிளைவின் படையும், சந்தா சாஹிபின் புதல்வர் ரஜா சாஹிபும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்த படையும் ஆரணியில் மோதின. நடுவே நெல் வயல். அதன் குறுக்கே ஒரு வரப்புப் பாதை. அந்தக் குறுகிய பாதையில் வந்து அகப்பட்டுக்கொண்ட பிரெஞ்சுப் படை தோற்றது. பிறகு 1782 ஜூனில் ஹைதர் அலியும் ஸர் அயர் கூட்டும் இதே ஊர்ப் பக்கத்தில் பொருதினார்கள். வென்றவர் யாராயினும் மிதிபட்டது நம் நாற்று என்பதை நாம் மாணாக்கர்களுக்குச் சொல்லத் தவறுவதில்லை.

மேற்கே போகப் போக ஜவ்வாது மலை நீல வர்ணத்திலிருந்து பச்சைக்கு மாறி நெருங்கியது. கண்ணுக்குச் சமவெளியாகத்தான் தெரிகிறது. ஆனால் காலுக்குத் தெரியும் அது ஏற்றம் என்று. நில அளவைக்காரரின் கருவி காட்டும் சரிவைச் சைக்கிள்காரனின் முழங்கால் காட்டிவிடும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த ஞானம் கிட்டாது. இரண்டு நதிகள் சேர்ந்ததே நம் ஆறு. அமிர்தி காட்டுப் பக்கமிருந்து வருவது நாகநதி. படவேட்டுப் பள்ளத்தாக்கிலிருந்து வருவது கமண்டல நதி. இரண்டும் கூடி ஆரணியைத் தொட்டுச் செய்யாற்றில் கலக்க, செய்யாறு பாலாற்றில் போய்ச் சேர்கிறது. நாகநதிக் கரைக் கிராமங்களில் நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் நீர் உறிஞ்சு கிணறுகளும் தடுப்பணைகளும் அமைத்து வறண்ட நிலத்தில் ஊற்றைத் திரும்பக் கொணர முயன்ற செய்தி சில ஆண்டுகளுக்கு முன் நாடெங்கும் பேசப்பட்டது. இன்று நம் வழி கமண்டல நதியின் வழி. ஆகையால் அதை வேறொரு ஞாயிற்றுக்கு வைத்துக்கொண்டோம்.

சந்தவாசலில் தேநீர். கடைக்கார அம்மாள் நம்மையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்து, "ஒண்டியாவா வந்தீங்க?" என்றார். ஆமென்றோம். "வண்டி ரிப்பேரா? பஸ் வரும் சார்" என்று ஆறுதல் சொன்னார். மோட்டார் சைக்கிள் வாங்க வசதியில்லாத உபாத்தியாயர் என்று முடிவு செய்து, ஒரு வடையை இனாமாகவே வைத்துவிட்டார். மறுக்கும் மனவலிமை நமக்கு இல்லை.

படவேடு என்பது படைவீடு. இன்று வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கோயில்கள் சிதறிக் கிடக்கும் இந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் சம்புவராய மன்னர்களின் தலைநகர். பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணர் படையெடுத்து வந்து சம்புவராயரை வென்றார். அவருடைய தேவி கங்காதேவி வடமொழியில் இயற்றிய மதுரா விஜயம் என்னும் காவியத்தில் இந்த வெற்றி இடம்பெற்றிருக்கிறது. நாம் முதலில் ரேணுகாம்பாள் சந்நிதிக்குப் போனோம். ஆடி வெள்ளிகளில் கால் வைக்க இடமிராத பிராகாரம் அன்று காலியாயிருந்தது. ஜமதக்கினி முனிவரின் கமண்டலத்து நீரே நதியாயிற்று என்பது இங்குள்ள ஐதிகம். கணவர் சொல்லால் மகன் கையால் வெட்டுண்ட அன்னை இங்கே சிரசாக வீற்றிருக்கிறாள். அவளுடைய கதையைக் கேட்டு வளர்ந்த பெண்மணிகள்தாம் இந்தப் பள்ளத்தாக்கில் குடம் தூக்கித் தண்ணீர் தேடியவர்களும்.

யோகராமர் கோயிலை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. கையில் வில்லில்லை, அம்பில்லை. சின்முத்திரையோடு யோகத்தில் அமர்ந்திருக்கிறார் இராமபிரான். எதிரே அனுமார் ஓலைச்சுவடி வாசித்துக்கொண்டிருக்கிறார். பாடஞ் சொல்லும் தொழிலில் இருபது வருஷம் கழித்தவர்களுக்கு, வாசிக்கும் மாணாக்கரையும் மௌனமாய்க் கேட்கும் ஆசிரியரையும் ஒருங்கே பார்ப்பதில் தனி ஆனந்தம்!

படவேட்டுக்கு மேல் பள்ளத்தாக்கு குறுகுகிறது. இருபுறமும் மலை, காற்றில் ஈர மண் வாசனை. இங்கேதான் முதன்முதலாக ஆறு ஆறாக இருக்கக் கண்டோம். பாறைகளிடையே முழங்கால் அளவு தெளிந்த நீர். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, காலை நனைத்தபடி புளியோதரையைத் தீர்த்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவனார் ஒருவர் அருகே வந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு பங்கு வைத்தோம். "மேல தண்ணி நிக்குதுங்க. இந்த வருசம் பரவாயில்ல" என்றார்.

மேலே என்று அவர் குறித்தது செண்பகத்தோப்பு அணை. மலைகள் நெருங்கும் கணவாயை அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். கொள்ளளவு 287 மில்லியன் கன அடி. மேட்டூரோடு ஒப்பிட்டால் ஒரு கைக்குழந்தைதான். 2007-ஆம் ஆண்டு வேலை முடிந்தது. ஆனால் கதவுகள் சரிவர இயங்காமையால் பல ஆண்டுகள் முழு அளவு நீரைத் தேக்க முடியாமலே போயிற்று. 2020-ஐ ஒட்டித்தான் அந்தப் பழுது நீக்கப்பட்டது. ஒரு கதவு ஏறி இறங்காததற்கு எத்தனை ஏரிகள், எத்தனை போகங்கள் விலை என்று கரைமேல் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். கணக்கு ஆசிரியராயிருந்தும் முடிக்க மனம் வரவில்லை. நீர் மட்டும் அதையெல்லாம் மறந்தாற்போல் அசையாமல் கிடந்தது. மலையின் நிழல் பாதி அணையை மூடியிருந்தது.

திரும்பும்போது ஏற்றமெல்லாம் இறக்கம். மிதிக்க வேண்டிய வேலையே இல்லை. காலையில் முழங்கால் கொடுத்த கடனை மாலையில் வட்டியோடு வாங்கிக்கொண்டோம்.

ஆரணிக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் தொழிற்சாலைப் பஸ்ஸுக்காகச் சிலர் காத்திருந்தார்கள். செய்யாறு சிப்காட் பக்கம் இரவு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒருவன் ஓடிவந்து வணங்கினான். நம்மிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். கோடு பிசகாமல் படம் வரைவான். அவன் வீட்டில் இரண்டு குழித்தறிகள் இருந்தன.

"தறி ஓடுகிறதா, அப்பா?"

"ஒண்ணு ஓடுது சார். அப்பா நெய்றார். ஒரு சேலைக்கு அவரும் அம்மாவும் வாரக்கணக்கில உக்காரணும். விசைத்தறியில அதே மாதிரி ஒண்ணு நெய்து பாதி விலைக்கு விட்டா யாரு சார் நம்மளது வாங்குவாங்க?"

ஜரிகைப் பட்டுச் சேலையைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தோம். அவனுக்கு அது தெரியாதிருக்குமா என்ன? அவனே மேலே பேசினான். "ஏரிக்குக் கீழ அரைக்காணி இருக்குது சார். இந்தத் தடவை நாத்து விடலாமான்னு அப்பா யோசிக்கிறார். நீங்க மேல இருந்துதானே வர்றீங்க, அணையில தண்ணி இருக்குதா?"

"இருக்கிறது. ஆற்றிலும் வருகிறது, பார்த்துவிட்டுத்தான் வருகிறோம்."

பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து செல்பேசியை எடுத்தான். "இப்பவே அப்பாகிட்ட சொல்லிடறேன் சார்" என்றான்.