மலை ஏறும் கால்களும் நீர் கடக்கும் கைகளும்

மத்திய மலைநாட்டின் கீழைச் சரிவிலே, பதுளு ஓயா வளைந்து சூழும் பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது பதுளை நகர். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரைச் சுற்றி எத்திசை நோக்கினும் மலைகளே. தென்கிழக்கே உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலையின் பெயருக்குச் சிங்களத்தில் 'ஒன்பது சிகரம்' என்பது பொருள். கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டில் இந்நகரை வந்தடைந்தது. அன்று தொட்டு ஊவாவின் அழகை எழுதியோர் பலரும், மலையைக் குடைந்த சுரங்கங்களையும், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலத்தையும், வண்டியின் சாளரத்தருகே அமர்ந்து கண்டு வியந்தவர்களே.

இம்முறை நாம் சாளரத்தை விட்டுச் சாலைக்கு இறங்கினோம். மனிதன் தன் உடம்பொன்றையே நம்பி நீந்தியும், சைக்கிள் மிதித்தும், ஓடியும் நெடுந்தூரம் கடக்கும் 'டிரையத்லன்' என்னும் முத்துறைப் போட்டியைப் பற்றி மாணவர் பலர் நம்மிடம் வினவியதுண்டு. மலைநாட்டுப் பிள்ளை ஒருவன் அத்தகைய போட்டிக்குத் தன்னைத் தயார் செய்ய விரும்பினால் இந்த மண் அவனுக்கு எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்க மறுக்கும் என்று நேரிலே கண்டறிவது நம் நோக்கமாயிற்று.

முதலில் போட்டியின் இயல்பைச் சிறிது கூறுவோம். 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஒவாகுவில், ஜோன் கொலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரியின் யோசனைப்படி, 15 பேர் கடலில் இறங்கினர். 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிளோட்டி, அதன்பின் 42.2 கிலோமீற்றர் ஓடவேண்டும். பன்னிருவர் முடித்தனர். முதலாவதாக வந்த கோர்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 வினாடி. பரிசுப் பணம் எதுவும் இல்லை. இன்று உலகெங்கும் நடைபெறும் இப்போட்டிகளிலும் பெருந்தொகையினர் தொழில்முறை வீரர் அல்லர். அலுவலகத்திலும் வகுப்பறையிலும் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் பயிற்சி செய்து வருபவர்களே.

இதிற் பாதித் தூரங்கொண்ட போட்டியும் உண்டு. 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். இலங்கையிலும் கொழும்பு மாநகரில் 2018, 2019 ஆகிய ஈராண்டுகளிலும் பெப்ரவரி மாதத்தில் இப்போட்டி நடைபெற்றது. முழுவதையும் முடிக்க எட்டரை மணி நேரம் அளிப்பது இதன் வழக்கம். நீச்சலுக்கு மட்டும் தனிக் கெடு உண்டு: 1 மணி 10 நிமிடம். அதற்குள் கரையேறாதவர், காலில் எத்தகைய வலிமை இருப்பினும், சைக்கிளைத் தொடமுடியாது. இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஊவாவைப் பொறுத்தவரை எல்லாம் இங்கேதான் வந்து நிற்கின்றன.

பதுளையிலிருந்து ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்குச் சாலை வழி சுமார் 40 கிலோமீற்றர். போய் மீண்டால் 80. பாதிப் போட்டியின் சைக்கிள் தூரத்திற்கு இன்னும் 10 கிலோமீற்றரே குறைவு! ஆனால் கொழும்பின் சமநிலம் வேறு, இந்த மலைப் பாதை வேறு. அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் இருப்பதால், இடையில் வரும் இறக்கங்களைக் கணக்கில் கொள்ளாமலே 750 மீற்றர் ஏறவேண்டும். தெமோதரையில் புகையிரதப் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்து வந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் புகுந்து செல்கிறது. செங்குத்தான ஏற்றத்தை இயந்திரமே இப்படிச் சுற்றி வளைத்துத்தான் சமாளிக்கிறதென்றால், மிதிப்பவன் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஏற்றத்தைவிடக் கடுமையான ஆசிரியன் ஒருவன் இங்கே உண்டு. அவன்தான் காற்று. தென்மேற்குப் பருவ மழை மலைநாட்டின் மேலைச் சரிவிலே பெய்து தீர்ந்தபின், ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஈரமற்ற காற்று கணவாய்களின் வழியே ஊவாவுக்குள் பாய்கிறது. அந்த வறண்ட காற்றிலே கொழுந்தின் வளர்ச்சி தளர்ந்து, அதன் மணம் செறிகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் ஈட்டித் தந்தது இக்காற்றே. தேயிலைக்கு வாசனை தரும் அதே காற்று, அப்புத்தளை முகட்டில் சைக்கிளோட்டியின் மார்பிலே கை வைத்துத் தள்ளுகிறது. திரும்பும் வழியில் இறக்கமும் எளிதன்று. குறுகிய வளைவுகளில் பஸ்களும் லொறிகளும் எதிர்ப்படுமாதலால், பிரேக்கை நன்கு சரிபார்க்காத சைக்கிளில் இங்கே இறங்குவது தகாது.

ஓட்டத்துக்குத் தோட்டப் பாதைகள் இருக்கின்றன. அப்புத்தளைக்கு அப்பால் தம்பேதன்னவில், தோமஸ் லிப்டன் 1890இல் அமைத்த தேயிலைத் தொழிற்சாலை உள்ளது. அங்கிருந்து அவர் பெயரால் வழங்கும் மலையுச்சி ஆசனத்திற்கு ஏழு கிலோமீற்றர் ஏறவேண்டும். காலை வேளையில் நாம் மூச்சு வாங்கி நின்ற இடங்களிலெல்லாம், பெரட்டு முடிந்து மலைக்குச் செல்லும் தாய்மார்கள் பேச்சும் சிரிப்புமாக நம்மைக் கடந்து போயினர். மாலையில் கொழுந்து நிறைந்த சுமையுடன் அவர்கள் அதே சரிவில் இறங்குவர். அவர்களுடைய உழைப்பை எந்தக் கடிகாரமும் வினாடிக் கணக்கில் அளந்ததில்லை. எந்தக் கோட்டிலும் அவர்களுக்காக யாரும் கைதட்டி நின்றதுமில்லை.

இங்கே ஒரு வரலாற்றையும் நினைத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்திலே, தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், காட்டு வழியே மாத்தளை நோக்கிப் பல நாள் நடந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பாதையோரத்திலேயே மாண்டோர் பலர். எஞ்சியோர் மேலும் நடந்து தோட்டங்களை அடைந்தனர். நெடுந்தூரம் என்பது அவர்கள் விரும்பித் தேர்ந்ததன்று. வறுமை அவர்கள்மேல் சுமத்தியது. அதற்கு மாறாக, ஊவா மாகாணத்தின் தென் கோடியிலுள்ள கதிர்காமத்திற்கு அடியார்கள் கால்நடையாக வரும் யாத்திரையை நோக்குவோம். யாழ்ப்பாணத்திலிருந்து கீழைக் கரையோரமாகப் பல வாரங்கள் நடந்து வருவோரும் உளர். கால் கொப்பளித்தாலும் அவர்கள் முகத்தில் வாட்டம் இல்லை. ஏனெனில் அது அவர்களே விரும்பி ஏற்ற வருத்தம். ஆர்வ விளையாட்டு வீரனின் பெருமையும் அத்தகையதே. கட்டாயத்தால் கடந்த தூரத்தை, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் தம் விருப்பத்தால் கடக்க முற்படுவார்களாயின், அதைவிட இனிய காட்சி வேறென்ன இருக்கமுடியும்?

ஆயின் அவர்களுக்குத் தடையாக நிற்பது நீர். தம்பேதன்னப் பாதையிலே, புத்தகப் பையை முதுகில் கட்டிக்கொண்டு இறக்கத்தில் ஓடிவந்த சிறுவன் ஒருவனை நிறுத்தி, "தம்பி, உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டோம். "ஓடத் தெரியுங்க ஐயா. நீந்த எங்கங்க போறது?" என்றான். சொல்லிவிட்டு மறுபடியும் ஓடிவிட்டான்.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஊவாவில் நீருக்குப் பஞ்சமில்லை. பதுளைக்கருகே 60 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து துன்ஹிந்த விழுகிறது. கொஸ்லந்தைக்கருகே தியலும 220 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குகிறது. கண்ணுக்கு விருந்தாகும் இவ்வருவிகளின் தடாகங்கள் நீச்சல் பழகும் இடங்கள் ஆகா. வழுக்குப் பாறையும், அடியில் இழுக்கும் சுழலும், மேலே பெய்த மழையால் திடீரெனப் பெருகும் வெள்ளமும் நன்கு நீந்துவோரையும் ஏமாற்றவல்லவை. லயங்களில் வாழும் பிள்ளைகளுக்கு, நடந்து செல்லும் தூரத்தில், ஆசிரியரின் கண்காணிப்புடன் கூடிய குளம் இருப்பது அரிதினும் அரிது.

தமிழருக்கு நீச்சல் புதிதன்று. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தினார்; 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார். கடற்கரையிலே வளர்ந்தவருக்குக் கடல் பழகிய முற்றமாயிற்று. மலையிலே வளர்ந்த பிள்ளைக்கு அந்த முற்றத்தைப் பிறர்தாம் அமைத்துக் கொடுக்கவேண்டும்.

நீச்சலில் உடல் வலிமையினும் பழக்கமே முதன்மை பெறும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி மிக்கது. முறை தெரியாமல் கை வீசுபவன் தன் பலத்தையெல்லாம் நீரை அடிப்பதிலேயே இழப்பான். மலை ஏறி உரம் பெற்ற கால்களும் நீரிலே கீழ்நோக்கி அமிழவே பார்க்கும். மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 25 மீற்றர் நீளமுள்ள குளமொன்றில் 1.9 கிலோமீற்றர் என்பது 76 நீளங்கள். 70 நிமிடக் கெடுவுக்குள் முடிக்க, 100 மீற்றருக்கு 3 நிமிடம் 41 வினாடி கிடைக்கிறது. ஒழுங்காகப் பழகியவருக்கு இது அவசர வேகமன்று. ஆகவே மலைநாட்டுப் பிள்ளைக்குக் குறைவாக இருப்பது ஆற்றல் அன்று. ஒரு குளமும் ஓர் ஆசிரியரும்தான்.

பயிற்சிக்கு இங்கே வருவோர் பருவம் அறிந்து வருதல் நன்று. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவ மழையில் மலைகள் நெகிழும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் லயங்கள் மண்ணில் புதையுண்டதை யார் மறப்பர்? 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டிட்வா' சூறாவளியும் பதுளை மாவட்டத்தை மண்சரிவுகளால் வருத்திற்று. அம்மாதங்களில் தோட்டத்து மக்களுக்குப் பாதுகாப்பான உறைவிடமே முதற் கவலையாயிருக்கையில், விளையாட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் கேட்கலாம். வீடும் வேண்டும், விளையாட்டும் வேண்டும் என்பதே நம் விடை. நீந்தக் கற்பது பதக்கத்திற்கு மட்டும் உதவுவதன்று. வெள்ளத்திலும் ஓடையிலும் உயிரைக் காப்பதும் அதுவே.

பாடசாலைகளும், தோட்ட நிருவாகங்களும், மாகாண விளையாட்டுத் துறையினரும் மனங்கொண்டால், சில தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு சிறு குளமேனும் அமைத்தல் இயலாத காரியமன்று. ஏறுவதற்கு மலையும், எதிர்த்து மிதிப்பதற்குக் காற்றும் ஊவாவில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்கு எவரும் பணம் செலவிட வேண்டியதில்லை. நீந்துவதற்குரிய இடத்தைப் பெரியவர்கள் தேடிக் கொடுத்துவிட்டால், மீதித் தூரத்தைப் பிள்ளைகள் தாமே ஓடிக் கடப்பார்கள்.