விழிஞ்ஞத்தில் நின்றுபோன உளி

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே பதினாறு, பதினேழு கிலோமீட்டரில் விழிஞ்ஞம். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் மீன் வாங்கப் போகிறார்கள், அல்லது 2025 மே மாதம் பிரதமர் திறந்துவைத்த துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்களைப் பார்க்கப் போகிறார்கள். பக்கத்திலேயே ஒரு தனிப் பாறையைக் குடைந்த சிறு கோயில் இருப்பது பலருக்குத் தெரியாது. கல்லில் சிற்பம் செதுக்கிப் பார்க்க ஆசைப்படும் எவரும் முதலில் வந்து நிற்க வேண்டிய இடம் அதுதான்.

8-ஆம் நூற்றாண்டுக் குடைவரை. ஒரே அறை. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி, தனிக்கல்லில். வெளிச்சுவரில் இருபுறமும் சிவன். ஒரு பக்கம் பார்வதியும் உடனிருக்கிறாள். இந்தப் புடைப்புச் சிற்பங்கள் முடியவே இல்லை. மொத்த உடலும் பாறையிலிருந்து கொஞ்சம் எழும்பி வந்ததோடு வேலை நின்றுவிட்டது. புதிதாக உளி பிடிக்கிறவர்கள் ஆசை ஆசையாகக் கண்ணையும் மூக்கையும் முதலில் செதுக்கிவிட்டு, தோளுக்குக் கல் போதாமல் தவிப்பார்கள். உருவம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே வரவேண்டும் என்பதை இந்தச் சுவர் கண்ணெதிரே காட்டுகிறது.

ஆனால் கற்றுக்கொள்ள ஏற்ற கல் இதுவல்ல. கருங்கல்லின் கடினம் மோஸ் அளவில் 6, 7. பத்மநாபசுவாமி கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்துக்குத் திருமலையிலிருந்து கொண்டுவந்த பாறை இருபது அடிச் சதுரம், இரண்டரை அடி கனம். அதன்மேல் பள்ளிகொண்ட பதினெட்டு அடிப் பெருமாளோ கற்சிலை அல்ல. 12,008 சாளக்கிராமங்களைக் கடுசர்க்கரைக் கலவையில் பொதிந்து செய்த திருமேனி என்கிறது கோயில் மரபு!

கேரளத்தில் மலிவாகக் கிடைக்கும் மென்மையான கல், வெட்டுகல். நம்மூர் செம்புறாங்கல். தோண்டியெடுக்கும்போது கோடரிக்கே இணங்கும், காற்றுப்பட்டால் இறுகிவிடும். ஆனால் உடம்பெல்லாம் துளை. விரல் நுனியோ இமையோ அதில் நிற்காது. அதனால்தான் மலையாளத்துக் கோயில் சுவர்களில் வெட்டுகல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசி, மேலே ஓவியம் தீட்டினார்கள். சிற்ப ஆசை மரத்துக்குப் போனது.

மிச்சம் இருப்பது மாக்கல், கல்சட்டி கடையும் கல். அதிலுள்ள டால்க்கின் கடினம் வெறும் 1; நகத்தால் கீறலாம். இரண்டு கைக்குள் அடங்கும் துண்டே போதும். சுத்தியலால் தட்டினால் கணீர் என்று ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். (கல்லின் ஓசையைக் கேட்டே ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று பிரித்தது நம் சிற்ப மரபு.) முன்பக்கமும் பக்கவாட்டும் பென்சிலால் வரைந்து, வேண்டாத மூலைகளை ரம்பத்தால் அறுத்துவிட்டு, உளியைச் சாய்த்துப் பிடித்துப் பெரிய தளங்களை மட்டும் இறக்கவேண்டும். செங்குத்தாக அடித்தால் கல் பிளந்துகொள்ளும். பிறகு அரம், கடைசியில் தண்ணீர் தொட்டு உப்புத்தாள். நன்றாகக் காய்ந்தபின் மெழுகு தடவினால் சாம்பல் நிறம் கறுத்துப் பளபளக்கும்.

தூசி பொல்லாதது. சில மாக்கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளும் உண்டு. எந்தக் குவாரிக் கல் என்று விசாரித்து வாங்குவதும், ஈரம் வைத்துத் தேய்ப்பதும், சரியான முகமூடி போடுவதும் கட்டாயம். வீட்டுக்குள் வேலை கூடாது. 1956 வரை இதே திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்த மயிலாடியில் தலைமுறை தலைமுறையாகக் கல் கொத்துகிறார்கள். கல்தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எடுத்த கல் திரும்ப ஒட்டாது. மூக்கு உடைந்தால் ஒரே வழி, முகம் முழுவதையும் பின்னுக்குத் தள்ளிச் செதுக்குவது. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் கடைசிவரை மூக்கில் கொஞ்சம் கல்லை மிச்சம் வைத்திருப்பார்கள். விழிஞ்ஞத்துச் சுவரில் எங்கெங்கே எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க உச்சிவெயில் உதவாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரமாகப் போகவேண்டும்.