லோஹேகாவில் கேட்ட பாடம்

ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இரண்டு மாதங்களாக நகரவில்லை. மென்பொருள் உருவாக்குநர்கள் தம் தொழில்நூல்களை எவ்வாறு வாசிக்கிறார்கள் என்பது அதன் பொருள். நேர்காணல்கள் முடிந்துவிட்டன; எழுத்து மட்டும் வரவில்லை. போன வாரம் நெறியாளர் வரைவைப் புரட்டிவிட்டு, "மற்றவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எப்படி வாசித்தீர்கள்?" என்று கேட்டார். ஆய்வுக்கு வருமுன் பதினோர் ஆண்டுகள் நிரல் எழுதிப் பிழைத்தவன் நான். அக்கேள்விக்கான விடைக்கு ஆய்வேட்டில் இடமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுத்தருள்க.

என் தலைமுறைப் பொறியியல் மாணவர்களின் முதல் நிரல்நூல்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று நாக்பூர்க்காரரான யஷவந்த் கனேட்கரின் 'லெட் அஸ் சி'. மற்றொன்று, பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எ. பாலகுருசாமியின் சி மொழி நூல். ஆய்வகத்தில் டர்போ சியின் நீலத்திரை. கையில் பல ஆண்டு மாணவர்கள் அடிக்கோடிட்ட பழைய பிரதி. எந்தக் கேள்வி எந்தப் பருவத்தேர்வில் வந்தது என்பது வரை ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த வாசிப்பை இன்று நான் இழிவாக நினைக்கவில்லை. தேர்வுக்காகத்தான் படித்தோம், ஆனால் நாலைந்து பேர் ஒரு பிரதியைச் சூழ்ந்து உட்கார்ந்து படித்தோம்.

தனியே வாசிக்கத் தொடங்கியது புணே வந்தபின். 2013இல் லோஹேகாவில் மூன்றாம் மாடியில் ஓர் அறை எடுத்தேன். கராடியில் இருந்த அலுவலகத்துக்கு நேர்த்தொலைவு அதிகமில்லை. நெரிசலில் எவ்வளவு நேரமாகும் என்பது அன்றன்றைய விதி. ஊரை ஒட்டியே விமானப்படைத் தளம். சுகோய் விமானம் எழும்பும்போது சன்னல் கண்ணாடி அதிரும். பேசிக்கொண்டிருப்பவர்கள் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, ஓசை கடந்தபின் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். அவ்வூர்க்காரர்களுக்கு இது மூச்சு விடுவதைப் போல. எனக்குப் பழக ஓராண்டு ஆயிற்று.

அந்த அறையில்தான் என் அலமாரி நிரம்பியது. 'தி ப்ராக்மாட்டிக் ப்ரோக்ராமர்' முதலில் வந்தது. ஆண்ட்ரூ ஹண்ட்டும் டேவிட் தாமஸும் 1999இல் எழுதிய நூல். அறிவை முதலீட்டுத் தொகுப்பாகப் பார்க்கச் சொல்வது; காலாண்டுக்கு ஒரு தொழில்நுட்ப நூல் படி என்று அறிவுரைப்பது. இருபது ஆண்டுக்குப் பின் 2019இல் வந்த திருத்தப் பதிப்பில் அது மாதத்துக்கு ஒன்று என்றாகிவிட்டது. இந்தச் சிறு மாற்றத்தைப் பற்றியே ஓர் இயல் எழுதலாம். நான் அப்போது ஆய்வாளன் அல்லன்; கணக்கு வைத்துப் படித்தேன். ஃபவுலரின் 'ரீஃபேக்டரிங்', மெக்கானலின் 'கோட் கம்ப்ளீட்', ப்ரூக்ஸின் 'தி மித்திகல் மேன்-மந்த்'. சிலவற்றை முழுதாக, சிலவற்றை மேற்கோள் காட்டப் போதுமான அளவுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ராபர்ட் மார்ட்டினின் 'க்ளீன் கோட்'. 2008இல் வெளிவந்த அந்நூல் எங்கள் தொழிலில் கிட்டத்தட்ட ஒரு நீதிநூலாகவே புழங்கியது. ஒரு செயற்கூறு, அதாவது நாம் பேச்சில் ஃபங்ஷன் என்பது, மிகச் சிறியதாக இருக்கவேண்டும்; ஒரே வேலையைத்தான் செய்யவேண்டும்; ஒன்றை இருமுறை எழுதலாகாது. சொல்லும் முறையில் உறுதி இருந்தது. இருபத்தெட்டு வயதில் உறுதியைப் போல இனிப்பது வேறில்லை.

2018இல் நடந்ததை இனிச் சொல்லவேண்டும். சரக்கு வாகன வாடகைக்குப் பட்டியல் போடும் ஒரு பழைய மென்பொருள் எங்கள் குழுவின் பொறுப்பில் இருந்தது. அதன் நடுவில் நானூறு வரிக்கு மேல் நீண்ட ஒரே செயற்கூறு. அதை எழுதியவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். மூன்று வார இறுதிகளில் அதை முப்பத்தொரு சிறு செயற்கூறுகளாக உடைத்தேன். உடைக்கும்போது ஓரிடத்தில் தொகையை முழுமைப்படுத்தும் வரி இருமுறை வருவதைக் கண்டேன். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒருமுறை, இறுதிக் கூட்டுத்தொகைக்கு ஒருமுறை. இரட்டிப்பு தவறு என்று நூல் சொல்கிறது. முதலாவதை நீக்கினேன்.

மாற்றங்களை மீளாய்வு செய்யும் பொறுப்பு, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த கோவைப் பெண்ணுக்கு. அவர் கூட்டத்தில் கேட்டது ஒன்றே: "அண்ணா, இந்த வரி ஏன் இருக்குதுன்னு தெரியாம எடுக்கலாமா?" நான் 'க்ளீன் கோட்' நூலின் பக்க எண்ணைச் சொன்னேன். அதோடு, அந்நூலை அவர் படித்திருக்கிறாரா என்றும் கேட்டேன். அறையில் சிலர் சிரித்தார்கள். அவர் ஒப்புதல் அளித்தார்.

கணக்கு எளியது. 33.335 ரூபாய் வீதம் மூன்று உருப்படிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுமைப்படுத்தினால் 33.34, மூன்றும் சேர்ந்து 100.02. முழுமைப்படுத்தாமல் கூட்டினால் 100.005, அதை முழுமைப்படுத்தினால் 100.01. வேறுபாடு ஒரு பைசா. ஆனால் எதிர்முனையில் வாடிக்கையாளரின் கணினி பைசா சுத்தமாக ஒப்பிட்டுப் பார்த்தபின்பே பட்டியலை ஏற்கும். மாத இறுதியில் பட்டியல்கள் கும்பலாகத் திரும்பி வந்தன. சரக்கு உந்து வைத்திருந்த சிறு ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் போய்ச்சேரத் தாமதமாயிற்று. நான் எழுதிய சோதனைகள் அனைத்தும் வெற்றி என்றே காட்டின. சோதனைகளையும் நானே, என் புரிதலைக் கொண்டே எழுதியிருந்தேன் அல்லவா.

விளக்கம் கேட்கப்பட்டபோது, மீளாய்வில் ஒப்புதல் அளித்தவர் என்று ஆவணத்தில் அப்பெண்ணின் பெயர் இருந்தது. அவர் முன்பே ஐயம் எழுப்பினார் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பொய் ஏதும் சொன்னேன் என்றில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தச் செயற்கூற்றை எழுதிய மூத்தவர் லோஹேகாவிலேயே, பழைய ஊர்ப்பகுதியில், என் அறையிலிருந்து பத்து நிமிட நடையில் வாழ்கிறார் என்பது எனக்குத் தெரியவந்ததே இந்தக் குழப்பத்துக்குப் பின்புதான். நிரலை அச்செடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறன்று போனேன். மராத்தியில் மூத்தவர்களைச் 'சிற்றப்பா' என்னும் பொருளில் அழைக்கும் சொல் தமிழ்க் காதில் காக்கை ஆகிவிடுவதால், கடைசிவரை 'சர்' என்றே அழைத்தேன். அவர் கோபிக்கவில்லை. தாள்களை வாங்கி, பழைய கடிதத்தைப் படிப்பதுபோல் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். "இது 2006. அப்போது அவர்களுடைய எழுத்தர்கள் கையால் பட்டியல் போட்டார்கள். ஒவ்வொரு வரியிலும் பைசாவை முழுமையாக்கித்தான் கூட்டுவார்கள். கணினி வந்தபோதும் அந்தப் பழக்கத்தையே கேட்டார்கள்." நான் நீக்கிய வரி அது. இன்னொரு நிபந்தனை, எப்போதோ உடைந்துபோன ஓர் எடைமேடையின் பொருட்டு வந்தது. மற்றொன்று அவருடைய சொந்தப் பிழை. திருத்த நேரமின்றி அப்படியே நின்றுவிட்டது என்று சிரித்தார். நான்கு ஞாயிறுகள் போனேன். விமானம் எழும்பும்போதெல்லாம் விரலை வரியின்மேல் வைத்துக் காத்திருந்து தொடர்வார்.

அவருடைய அலமாரியில் தொழில்நூல்கள் இரண்டே இருந்தன. ஒன்று கெர்னிகன், ரிட்சி எழுதிய சி நூலின் மலிவுப் பதிப்பு. மற்றொன்று வே. ராஜாராமனின் ஃபோர்ட்ரான் நூல். ஈரோட்டில் பிறந்த ராஜாராமன், 1963இல் ஐபிஎம் 1620 கணினி வந்திறங்கிய கான்பூர் ஐஐடியில் பாடம் நடத்தியவர். வகுப்பறையிலிருந்து பிறந்த அவருடைய நூல்கள் மாணவர் கைக்கு எட்டும் விலையில் வந்து, இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே நிரல் கற்பித்தன. மூத்தவரின் பிரதியில் அச்செழுத்துக்கு இணையாகக் கையெழுத்தும் இருந்தது: மராத்தியிலும் ஆங்கிலத்திலும், இரண்டு மூன்று வேறு கைகளில். 'க்ளீன் கோட்' பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை.

நூல்களை அடுத்துத் துக்காராமின் காதா இருந்தது. லோஹேகாவ் துக்காராமின் தாய்வழி ஊர் என்பது மரபு. அங்கே அவர் கீர்த்தனம் செய்ததை ஊரார் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். அபங்கங்கள் எழுதிய ஏடுகள் இந்திராயணி ஆற்றில் அமிழ்த்தப்பட்டு, பதின்மூன்று நாள் கழித்து நனையாமல் மேலெழுந்தன என்பது பலரும் அறிந்த கதை. மூத்தவர் பக்திமான்தான், ஆயினும் கதையை வேறுவிதமாகச் சொன்னார். ஏடு போனால் என்ன, பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் மனப்பாடமாயிருந்தது. எண்ணெய்ச் செக்கு ஆட்டிய சந்தாஜி ஜகனாடே போன்றவர்கள் மீண்டும் எழுதிவைத்தார்கள் என்றார். அப்போது அதை ஒரு கிழவரின் பேச்சாகவே கேட்டுக்கொண்டேன்.

பீட்டர் நௌரின் கட்டுரையை வாசித்தது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், ஆய்வில் சேர்ந்த முதல் பருவத்தில். டென்மார்க்கைச் சேர்ந்த அவர் ஆல்கால் 60 மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1985இல் வெளிவந்த 'ப்ரோக்ராமிங் ஆஸ் தியரி பில்டிங்' என்ற அக்கட்டுரையில் ஓர் உண்மை நிகழ்வைச் சொல்கிறார். ஒரு குழு ஒரு மொழிமாற்றியை உருவாக்குகிறது. மற்றொரு குழு அதை விரிவாக்க முற்படுகிறது. முழு நிரலும் உண்டு, விரிவான ஆவணங்களும் உண்டு. ஆயினும் இரண்டாம் குழு முன்வைத்த தீர்வுகள் அமைப்பின் ஆற்றலையே அழிப்பவையாக இருந்தன. முதற்குழு அதை உடனே கண்டுகொண்டது. நிரல் என்பது தாளில் உள்ள வரிகள் அல்ல, அதை எழுதியவர்கள் மனத்தில் கட்டியெழுப்பிய புரிதலே என்பது நௌரின் முடிபு. அந்தக் குழு கலைந்தால் நிரல் இறந்துவிடும். ஆவணங்களை மட்டும் வைத்து அதை உயிர்ப்பிக்க இயலாது. படித்துவிட்டு வெகுநேரம் நூலகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். லோஹேகாவின் நான்கு ஞாயிறுகளும் அங்கே அச்சாகியிருந்தன.

தமிழ்த்துறை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, நன்னூல் பாயிரத்தை மீண்டும் படி என்றார். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் கால்பங்குதான் சேரும். உடன்பயில்வாரோடு பழகுவதில் ஒரு கால். எஞ்சிய அரை, பிறருக்கு எடுத்துரைக்கும்போது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக நெட்டுருச் செய்த நூற்பா. என் லோஹேகாவ் அலமாரி முழுவதும் அந்த முதற்காலுக்குள் அடங்கிவிடும் என்று அப்போது தோன்றவில்லை. இரண்டாம் காலை, கேள்வி கேட்ட உடன்பயில்வாரை, பக்க எண் சொல்லி வாயடைத்தவன் நான்.

நூல்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஒரு மென்பொருள் அமைப்பை முதலில் முழுதாக எழுதிப் பார்த்து அதை வீசியெறியத் திட்டமிடு என்று 1975இல் எழுதிய ப்ரூக்ஸ், 1995ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அறிவுரை தவறு என்று தானே எழுதினார். செயற்கூறுகளை மிகச் சிறிதாக நறுக்குவது புரிதலைக் குலைக்கும் என்று ஜான் ஔஸ்டர்ஹௌட் 2018இல் ஒரு நூலே எழுதினார். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004இல் எழுதிய 'வொர்க்கிங் எஃபெக்டிவ்லி வித் லெகசி கோட்', பழைய நிரலைத் தொடுமுன் அது இப்போது என்ன செய்கிறதோ அதை உள்ளபடியே பதிவுசெய்யும் சோதனைகளை எழுதச் சொல்கிறது. அதைச் செய்திருந்தால் அந்த ஒரு பைசா முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். அந்நூல் என் அலமாரியில் இருந்தது. படிக்கவேண்டியவற்றின் வரிசையில் பதினான்காவதாக.

இவ்வளவையும் ஆங்கிலத்திலேயே படித்தேன் என்பதையும் சொல்லவேண்டும். நித்யா துரைசாமியின் 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' போல, கணியம் வழியே கருவிகளைக் கற்பிக்கும் நல்ல நூல்கள் தமிழில் வந்திருக்கின்றன. யாரும் இலவசமாகப் பெறலாம். நிரலோடும் அதை எழுதிய மனிதரோடும் எப்படி வாழ்வது என்று பேசும் நூல் எதுவும் இதுவரை என் கைக்கு வரவில்லை. மூலத்தை உரையின்றி வாசிக்கத் துணியாத ஒரு மரபில் இது விந்தைதான்.

நெறியாளர் கேள்வி கேட்ட அன்றிரவு அப்பெண்ணுக்கு எழுதினேன். ஏழாண்டுத் தாமதம். நடந்ததை நடந்தபடி, கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. இரண்டு நாள் கழித்து விடை வந்தது. மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ அதில் ஒன்றும் இல்லை. இப்போது அவர் ஒரு குழுவை நடத்துகிறாராம். மூத்தவர் குறிப்பெழுதிய அந்த அச்சுப்படி இன்னும் இருக்கிறதா, ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். இருக்கிறது. நாற்பத்தாறு பக்கங்களையும் நேற்று படமெடுத்து அனுப்பினேன்.

இதை வாசிக்கும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ராஜாராமன், பாலகுருசாமி, கனேட்கர் ஆகியோரின் பழைய பிரதிகள், ஓரக்குறிப்புகளோடு, உங்கள் வீட்டிலோ துறை நூலகத்திலோ இருந்தால் அப்பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயர் எழுதியிருந்தால் மறைத்துவிடலாம். கையெழுத்துப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.