இரண்டு கோடுகளுக்குப் பின்னால்

கோலாலம்பூர், புக்கிட் ஜாலிலில் உள்ள உள்விளையாட்டு அரங்கில் பேட்மின்டன் ஆட்டங்கள் தொடங்க இன்னும் நேரமிருந்தது. அம்பயரின் உயர நாற்காலிக்கு எதிர்ப்புறம், வலைக்கம்பத்தை ஒட்டித் தாழ்வாக ஒரு நாற்காலி. சர்வீஸ் ஜட்ஜ் உட்காரும் இடம். எதிரே ஒரு தாங்கியில் கண்ணாடி போன்ற இரண்டு பிளாஸ்டிக் தகடுகள், ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. சர்வீஸ் உயரத்தைத் தீர்மானிக்கும் கருவி இவ்வளவுதான். கொத்தனாரின் ரசமட்டத்திலாவது ஒரு குமிழ் அசையும்; இதில் அதுவும் இல்லை.

“உட்கார்ந்து பாருங்க சார்” என்றார் அங்கிருந்த தமிழ் அதிகாரி. இரண்டு கோடுகள் தெரிந்தன. “ரெண்டும் ஒண்ணாகணும். கொஞ்சம் நிமிருங்க.” நிமிர்ந்ததும் ஒன்றை ஒன்று மறைத்து ஒரே கோடாயிற்று. அப்போது என் கண் தரையிலிருந்து 1.15 மீட்டரில் இருக்கிறது என்று அர்த்தம். ஆட்டக்காரர் கிட்ட நின்றாலும் தள்ளி நின்றாலும், கோட்டுக்கு மேலே தெரிவதெல்லாம் 1.15 மீட்டருக்கு மேலேதான். ஒரு கோடு மட்டும் இருந்தால், ஜட்ஜ் சற்றே தலை தாழ்த்தினாலும் தீர்ப்பு மாறிப்போகும். எளிய யோசனைதான், ஆனால் கெட்டிக்கார யோசனை.

உலக பேட்மின்டன் சம்மேளனம் 2018 மார்ச்சில்தான் இந்த உயரத்தைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் எல்லைக்கோடு, ஆட்டக்காரரின் கடைசி விலா எலும்பு. சட்டைக்குள் இருக்கும் எலும்பை வலையோரம் உட்கார்ந்து ஊகிக்க வேண்டும்! இப்போது 1.94 மீட்டர் உயரமுள்ள ஆட்டக்காரர் விக்டர் ஆக்செல்சனுக்கும் அவர் தோளுயரமே இருப்பவருக்கும் ஒரே கோடு. நெட்டையர்களுக்குக் கஷ்டம்தான். இருந்தாலும், விலாவைத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அதிகாரி ஒரு ஷட்டிலின் இறகு நுனியைப் பிடித்து, தக்கை கீழே பார்க்க, பேக்ஹேண்ட் சர்வீஸ் போட்டுக் காட்டினார். ராக்கெட் படும் கணத்தில் முழு ஷட்டிலும் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. இறகின் நீளமே 62 முதல் 70 மில்லிமீட்டர். தக்கை தாழ்ந்திருந்தும் இறகு நுனி கோட்டைத் தாண்டினால் ஃபால்ட். உயரம் பிடிபட்டது, ‘படும் கணம்’தான் எனக்குப் பிடிபடவே இல்லை. டப் என்ற சத்தம் கேட்கும்போது ஷட்டில் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

கைபேசியில் படமெடுத்துப் பார்த்தேன். நொடிக்கு 30 படங்கள். ஒன்றில் ராக்கெட் இன்னும் படவில்லை, அடுத்ததில் ஷட்டில் பறந்துவிட்டது. ராக்கெட் நொடிக்கு 3 மீட்டர் நகர்வதாக வைத்தால், இரு படங்களுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் காணாமல் போகிறது. 240 படங்களுக்கு மாற்றினால் ஒன்றேகால் சென்டிமீட்டர்.

“அப்ப கேமராவே வச்சிடலாமே?”

“உயரம் சரியா வைக்கணும். கை மறைச்சா இன்னொரு பக்கமும் வைக்கணும். வைக்கலாம் சார்” என்றார், அவசரமில்லாமல்.

ஷட்டில் விழுந்தது ஆடுகளக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதற்குக் கேமராவை வைத்து மேல்முறையீடு கேட்கலாம். சர்வீஸ் ஃபால்ட்டுக்கு அந்த வசதி கிடையாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

மாலை இரட்டையர் ஆட்டத்தில் “ஃபால்ட்” என்று குரல் எழுந்தது. ஆட்டக்காரர் ஷட்டிலை இடுப்பருகே பிடித்து, இங்கேதானே அடித்தேன் என்று அம்பயரிடம் சைகை காட்டினார். அம்பயர் தலையசைத்து மறுத்தார், புள்ளி எதிரணிக்கு. மறுபடி சர்வீஸ் அவர் கைக்கு வந்தபோது இன்னும் தாழ்த்தி அடித்தார். நடுவில் வலையின் உயரம் 1.524 மீட்டர். ஷட்டில் தாண்டவில்லை.