ஹெந்தளையில் ஒரு கூழ்ப்பானை

வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ். அங்கிருந்து இன்னொரு பஸ். களனி கங்கையைக் கடந்து, ஹெந்தளைச் சந்தியில் கடற்கரைப் பக்கமாகத் திரும்பினால் கொழும்பின் இரைச்சல் மெல்லக் குறைகிறது. தென்னைகள், தேவாலயங்கள், மீன்பிடிக் குடும்பங்களின் சிறு வீடுகள். ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கிய ஹமில்டன் கால்வாய் இந்தப் பக்கத்திலிருந்துதான் நீர்கொழும்பை நோக்கிப் போகிறது.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தல் முடிந்து சில வாரங்களில் நான் அங்கு போனேன். கையில் ஒரு கட்டுப் படிவங்கள். போரினால் பாதிக்கப்பட்டுக் கொழும்பை அண்டி வாழும் பெண்களிடம் விபரம் எடுப்பது என் வேலை. இறந்தவர் யார், காணாமற் போனவர் யார், எந்த ஆண்டு, இழந்த சொத்து என்ன, மாத வருமானம் எவ்வளவு என்று வரிசையாகக் கேள்விகள்.

முல்லைத்தீவிலிருந்து வந்த அக்காவின் வீட்டு விறாந்தையில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். முதல் படிவத்தை எடுத்ததுமே அக்கா சிரித்தார்.

"பிள்ளை, பதினைஞ்சு வருசமாய் இதைத்தான் எல்லாரும் கேட்கினம். மனுசன் எப்ப செத்தது, பிள்ளை எங்கை காணாமல் போனது எண்டு. நடந்து முடிஞ்ச தேர்தலைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் எண்டு ஒருத்தரும் என்னட்டைக் கேட்கேல்லை."

எனக்குப் பதில் வரவில்லை. படிவங்களைப் பைக்குள் வைத்துவிட்டு, "சரி அக்கா, என்ன நினைக்கிறீங்கள்?" என்று கேட்டேன். அன்று மாலைவரை கதை ஓயவில்லை.

யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பிடித்திருந்த நேரம் அது. "வீட்டை விட்டிட்டுத் திசைகாட்டிக்குப் போட்டிட்டுதுகளே!" என்று சாவகச்சேரி அன்ரி தலையில் கைவைத்தார். "வீடு எங்களுக்கு ஒழுகத்தானே ஒழுகினது" என்றார் அக்கா. மன்னார் ராத்தா இரண்டு பேரையும் விடவில்லை. "ஆர் வந்தாலும் காணியக் கேட்டாப் பாப்பம் எண்டுதானே சொல்லுவாங்க."

225 பேர் கொண்ட அந்தப் பாராளுமன்றத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் தெரிவானதை நான் சொன்னேன். உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு 2018 தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது என்றும் சொன்னேன். 2024 செப்டெம்பரில் பிரதமரான ஹரிணி அமரசூரியவும் என்னைப்போலச் சமூகவியல் படித்தவர் என்றபோது, "அப்ப நீயும் வரலாம், முதல்லை அந்தப் படிவத்தை எறி" என்று அன்ரி சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

அவ்வளவு சத்தமாகத் தமிழில் சிரித்தது எனக்கு ஒரு பழைய நாளை நினைவூட்டியது. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியா போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நான் அப்போது பள்ளி மாணவி. "பஸ்ஸிலை தமிழிலை கதையாதை" என்பது அம்மா அன்றாடம் சொல்லும் புத்திமதி. காலி வீதியால் வாய் மூடிப் போய்வந்த தலைமுறை நாங்கள்.

பேச்சு மெல்ல ஊர் வழக்கங்களுக்குத் திரும்பியது. கல்யாண வீட்டில் தாலி ஆசீர்வதிக்க வரும்போது தான் பின்னுக்குப் போய் நிற்பதாக அக்கா சொன்னார். அப்போதுதான் ஹெந்தளை தொழுநோய் வைத்தியசாலையின் பேச்சு வந்தது. ஒல்லாந்தர் 1708இல் தொடங்கியது அது. 1901இல் வந்த சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கச் சொன்னது. 1983இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து நோய் முற்றாகக் குணமாகும் என்றான பிறகும், சுகமான பலர் முதுமைவரை அங்கேயே இருந்தார்கள். "வருத்தம் மாறினாலும் கூட்டிக்கொண்டு போக ஆள் வரேல்லை" என்றார் அக்கா. "எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பிடியிருந்தும் பின்னுக்கு நிக்கிறம்."

"நான் இனி நிக்கமாட்டன்" என்றாள் கூட்டத்தில் இளையவளான கிளிநொச்சிப் பெண். 2016இல் வெளிவந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' புத்தகத்தை அவள் பத்திரிகைத் தாளில் உறை போட்டு வைத்திருந்தாள். புலிகளின் மகளிர் அரசியற்றுறைக்குப் பொறுப்பாக இருந்தவர் எழுதியது. அவர் 2015இல் புற்றுநோயால் இறந்தபின் வந்தது. "உதுகளை இப்ப எழுதி என்ன பிரயோசனம்?" என்றார் அன்ரி. "சாகப்போறவள் பொய் எழுதுவாளோ?" என்றாள் இளையவள். வாக்குவாதம் சூடாகிக் குரல்கள் உயர்ந்தன.

ராத்தா இடையில் மெதுவாகக் கேட்டார். "எங்கட கதைய ஆரு படிச்சீங்க?"

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது ராத்தாவுக்கு வயது பதினாறு. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர். யாரும் பேசவில்லை. பிறகு அக்காதான் வாய் திறந்தார். "எங்கடை ஊர் முஸ்லிம் சனம் போகேக்கை நான் படலையடியிலை நிண்டு பார்த்தனான். ஏன் எண்டு ஒருத்தரையும் கேட்கேல்லை."

ராத்தா பதில் சொல்லவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அக்காவும் போனார்.

அடுப்பில் ஒடியல் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. ஒடியல் மா அன்ரியின் ஊரிலிருந்து வந்தது. நண்டும் இறாலும் மீன்தலையும் ஹெந்தளைக் கடற்கரையில் வாங்கியவை. பலாக்கொட்டையைத் தந்தவர் பக்கத்து வீட்டுச் சிங்களக் கத்தோலிக்கப் பெண். அவரும் ராத்தாவும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றாகப் போய் வந்தவர்களாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்தபின் பல மாதங்கள் இருவரும் முகம் பார்க்கவில்லை. "பிறகு ஒருநாள் அவ பலாக்கொட்டையோட வந்தா. நான் கதவத் திறந்தன்" என்றார் ராத்தா. அந்தக் கதைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஊற வைத்த மாவைக் கரைத்து ஊற்ற, கூழ் தடித்தது. பனையோலைப் பிளா கோல ஹெந்தளையில் ஓலைக்கு எங்கே போவது? தேங்காய்ச் சிரட்டைகளைக் கழுவி ஆளுக்கொன்றாக எடுத்தோம். உறைப்பில் எல்லோருக்கும் கண்ணீர் வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான்.

திரும்பி வந்தபின், படிவத்தில் "நாட்டு நடப்பைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று ஒரு கேள்வியைச் சேர்க்கக் கேட்டேன். அதற்கு இடமில்லை என்றார்கள். இப்போது படிவத்தின் பின்பக்கத்தில் நானே எழுதிக்கொள்கிறேன். பின்பக்கம்தான் முதலில் நிறைகிறது.

அன்புச் சகோதரிகளே, நமது இழப்புகளைப் பதிவது அவசியம். நீதி கேட்க அவை வேண்டும். ஆனால் நாம் இழப்பு மட்டும் அல்ல. வாக்குப் போடுகிறோம், படிக்கிறோம், கும்பிடுகிறோம், சமைக்கிறோம், இவை எல்லாவற்றைப் பற்றியும் நமக்குச் சொந்தக் கருத்து உண்டு. மாதத்தில் ஒருநாள், ஒரு விறாந்தையில், ஆளுக்கொரு சாமானுடன் கூடுங்கள். வேறு ஊர், வேறு சமயம் என்று ஒதுங்கி நிற்கும் அயலவளையும் கூப்பிடுங்கள். மண்டபமோ தலைவரோ தேவையில்லை.

கூழுக்குப் புளியை மட்டும் கடைசியில் விடுங்கள். இது அக்கா சொன்னது.